கோயில் வரைக்கும் போகிற வண்டிக்கு எந்த எண்ணெய்

ஆவணி 18, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. சந்தில் கணுக்கால் தண்ணீர், பெஹாலாவில் இது புதிதில்லை. துவைத்ததெல்லாம் ஹாலில் கயிறு கட்டி. வாங்க வேண்டியது: உளுந்து, புளி, கற்பூரம்.

கார் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற பானட்டைத் திறந்தேன். கை சும்மா இராமல் எஞ்சின் ஆயில் மூடியையும் திருகிப் பார்த்தது. மூடியின் உள்பக்கம் முழுக்க வெண்ணெய் மாதிரி, மஞ்சளும் வெள்ளையுமாய் அப்பிக் கிடக்கிறது. விரலால் வழித்தால் வருகிறது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதில்லையே தவிர, வண்டி விஷயத்தில் கடைசி வார்த்தை இன்னும் இவருடையதுதான். "எஞ்சினுக்குள்ள தண்ணி போயிடுச்சு. அவ்வளவுதான்."

மாலை மெக்கானிக் நித்தாய்தா வந்து பார்த்தார். அவர் பெங்காலியில் நான் பௌதி, அண்ணி; இவர் தாதா, அண்ணன். "ஹெட் கேஸ்கட் போயிருக்கு பௌதி, அதான் தண்ணி ஆயில்ல கலக்குது. எஞ்சினையே பிரிக்கணும். பழைய வண்டிக்கு எதுக்கு இந்தச் செலவு? தாதாவை வித்துடச் சொல்லுங்க."

தாதாவுக்குச் சொல்லவே வேண்டாம். முகத்தில் என்ன ஒரு நிம்மதி. "கோயிலுக்கு ஆட்டோல போய்க்கலாம். உனக்கும் தொல்லை விட்டுது."

எனக்கு என்ன தொல்லை? ஐம்பதை நெருங்கும்போது லைசன்ஸ் எடுத்தவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றதால் எழுத்துப் பரீட்சைக்குப் பயந்து பயந்து படித்து, முதல் தடவையே பாஸ். அதற்குப் பிறகு இவர் போட்ட எல்லை: கோயில், மார்க்கெட், வீடு. கங்கைப் பாலம் தாண்டக் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்கா. அவளுக்கு முட்டி வலி, படி இறங்க மாட்டாள். பொங்கலுக்குப் பார்த்தது. பஸ் மாறி மாறிப் போக எனக்கு இடுப்பு ஒத்துழைக்காது.

இப்போது இருந்த ஒரு மைல் ஓட்டமும் போகப் போகிறது. விளக்கேற்றும்போது மனசு நிற்கவில்லை.

ஆவணி 20, வெள்ளி

கோயில். அர்ச்சனை வண்டி பேரில். குருக்கள் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

சால்ட் லேக்கிலிருந்து ரகு போன். இவருடைய தம்பி, ஐடி ஆபீஸ். "அண்ணி, சிந்தெடிக் ஆயில் ஊத்துங்க, விலை ஜாஸ்திதான். எல்லாக் கசடையும் கழுவிடும். ஒரு தடவை ஊத்தினா ரெண்டு வருஷம் மறந்துடலாம்."

இதை நித்தாய்தாவிடம் சொன்னேன். காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "பழைய எஞ்சின்ல சிந்தெடிக்கா? ஒவ்வொரு சீலும் ஒழுகும். மினரல் ஆயில்தான். சாதா. எங்க அப்பா காலத்துலேர்ந்து."

ரெண்டு பேரும் ஒரே மாதிரி அடித்துச் சொல்கிறார்கள். ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்குத்தான் வருகிறது.

மத்தியானம் தூங்காமல் வண்டிப் புத்தகத்தை எடுத்தேன். இங்கிலீஷ். புரியாத வார்த்தைக்குச் செல்போன். வண்டி வாங்கின நாளிலிருந்து டாஷ்போர்டு அறையில் பிரிக்காமலே கிடந்திருக்கிறது, மேலே குங்குமம் வைத்தபடி.

புத்தகத்தில் சிந்தெடிக் என்றும் இல்லை, மினரல் என்றும் இல்லை. எண்ணெயின் கெட்டித் தன்மைக்கு ஒரு எண், தரத்துக்கு இரண்டு எழுத்து. இவ்வளவு தரம் இருந்தால் எதுவும் சரி. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்று. கடினமான உபயோகம் என்றால் அதற்கும் முன்னால்.

கடினம் என்றால் மலை, பாலைவனம் என்று நினைத்தேன். அவர்கள் எழுதியிருப்பது: கிட்டத்து ஓட்டம். நின்று நின்று போகும் நெரிசல். நிறுத்தி வைத்தபடி எஞ்சினை ஓட விடுவது. ஈரக்காற்று.

எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போய் எழுதின மாதிரி இருக்கிறது.

ஆவணி 22, ஞாயிறு

மழை விட்டது. புழுக்கம். இட்லி மாவு பொங்கி வழிந்து ஃப்ரிட்ஜ் முழுக்க.

ஆயில் அளக்கிற குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தேன். கறுப்புதான், ஆனால் மோர் மாதிரி இல்லை. கேஸ்கட் போயிருந்தால் எண்ணெய் முழுக்க வெளுத்திருக்கும், எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் தண்ணீர் குறைந்துகொண்டே வரும் என்று வீடியோவில் ஒரு கோயம்புத்தூர் மெக்கானிக் சொல்கிறார். அதனால் கூலண்ட் டப்பாவில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். சிவப்பு, நடுத்தர சைஸ். தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்ப்பது என்று முடிவு.

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பர் விரித்து வைக்க வேண்டும். ஒழுகுகிறதா என்று.

அப்புறம் இவருடைய காலைப் பூஜை. குளித்துவிட்டு டாஷ்போர்டுப் பிள்ளையாருக்கு ஊதுபத்தி காட்டுவார், சாவி போடுவார், ஸ்லோகம் முடிகிற வரை எஞ்சின் உறுமும், அணைப்பார். வண்டிக்கு மூச்சு விடக் கற்றுக் கொடுக்கிறாராம். பாட்டரி கெடாதாம். வருஷக் கணக்காக நடக்கிறது.

இன்று வெண்ணெய் காய்ச்சும்போது சட்டென்று பிடிபட்டது. அடுப்பில் வைத்ததும் சடசடவென்று சத்தம். அது உள்ளே இருக்கிற தண்ணீர். சத்தம் அடங்கி மணம் வருகிற வரை விட்டால்தான் நெய். பாதியில் இறக்கினால் தண்ணீர் அதிலேயே தங்கி நெய் கெட்டுப் போகும். எஞ்சினையும் தினம் பாதியில் இறக்குகிறோம். காலையில் இவர். சாயங்காலம் கோயில் வரை நான். ஒரு நாளாவது முழுச்சூடு ஏறவில்லை. உள்ளே வேர்த்த தண்ணீர் போக வழியில்லாமல் மூடியில் போய் அப்பிக்கொண்டிருக்கிறது.

சொன்னேன். "ஊதுபத்தி காட்டுங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"சாமி காரியத்துல மூக்கை நுழைக்காதே."

"பிள்ளையார் பெட்ரோல் கேட்டாரா?"

சாப்பாட்டின்போது ரசம் கேட்க மட்டும் வாய் திறந்தார்.

ஆவணி 26, வியாழன்

பொட்டும் தண்ணீரும் இருந்த இடத்திலேயே. பேப்பரில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. சைலன்சரில், கேஸ்கட் போனால் வருகிற வெள்ளைப் புகையும் இல்லை.

நித்தாய்தாவிடம் பொட்டைக் காட்டினேன். கடைப் பையன்களைக் கூப்பிட்டு, "பாருங்கடா, பௌதி எஞ்சினுக்குப் பொட்டு வச்சிருக்காங்க. அடுத்து வளைகாப்பு" என்ற மாதிரி பெங்காலியில் ஏதோ. நானும் சிரித்தேன். ஆனால் பொட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார், குனிந்து.

சாயங்காலம் இடி. தாக்குர்புகூரில் ஒருத்தர் வண்டியை எடுத்துக்கொள்கிறாராம். மகாளய பட்சம் முடியட்டும், அமாவாசைக்கு மறுநாள் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இவர் போனில் பேசி முடித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வண்டி என் பேர்ல இருக்கு."

இருக்கட்டும். ஓட்டுவது யார் பேரில் இருக்கிறது?

முருகா, எனக்குக் கோபம் வருகிறது. மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆவணி 30, திங்கள்

மேகமூட்டம். கொலுப் பெட்டி இறக்கியாச்சு. செட்டியாருக்குக் கை உடைந்திருக்கிறது, ஒட்ட வேண்டும்.

எண்ணெய் விஷயம் இன்று முடித்தேன். என் கணக்கு:

கோயிலும் மார்க்கெட்டும் மட்டும் என்றால் சாதா மினரல் போதும். எந்த எண்ணெயானாலும் தண்ணீர் சேர்ந்தால் கெட்டதுதான், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொட்டி மாற்ற வேண்டும். கொட்டப் போவதற்கு எதற்கு விலை உயர்ந்தது. இதில் ரகு தப்பு.

தூரம் போவது என்றால் கதை வேறு. டைமண்ட் ஹார்பர் ரோடு நெரிசல், வெயில், அப்புறம் பாலம், ஹைவே. அந்தச் சூட்டுக்கு சிந்தெடிக்தான் நின்று பிடிக்கும், சீக்கிரம் நீர்த்துப் போகாது. ஒழுகும் என்கிற பயம், ஏற்கெனவே ஒழுகுகிற வண்டிக்கு. என் பேப்பர் சுத்தம். இதில் நித்தாய்தா தப்பு. வருஷத்துக்கு ஒரு முறை மாற்றித்தான் ஆக வேண்டும், அது புத்தகம் சொன்னது.

ஆக, எந்த எண்ணெய் என்று கேட்டால் முதலில் எங்கே போகப் போகிறாய் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

சிந்தெடிக்.

தாராதலாவில் ஆயில் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஸ்கூட்டி ஆயிலை எடுத்து நீட்டினார். காருக்கு என்றேன். "காக்குவை அனுப்புங்க மாசிமா, இதெல்லாம் பார்த்து வாங்கணும்." அவருக்கு இவர் காக்கு, சித்தப்பா; நான் மாசிமா, சித்தி. நம்பரையும் எழுத்தையும் எழுதி வைத்திருந்த சீட்டை மேஜையில் வைத்தேன். "இதுல ஒண்ணு மாறினாலும் திருப்பிக் கொண்டுவருவேன்" என்றேன். டப்பாவைத் துடைத்துக் கொடுத்தார்.

செலவு: நான் முறுக்குச் சுற்றி விற்ற காசு. வீட்டுக் கணக்கில் ஏற்றவில்லை. ஃபில்டரும் அதிலேயே.

இவர் டப்பாவைப் பார்த்தார். "விக்கப் போற வண்டிக்கு சிந்தெடிக்கா? பைத்தியமா நீ?"

"நான் விக்கல."

புரட்டாசி 1, புதன்

விஸ்வகர்மா பூஜை. ஒர்க்‌ஷாப்பில் தோரணம், லவுட்ஸ்பீக்கர், கிச்சடி. இன்று ஒருத்தரும் ஸ்பானர் தொட மாட்டார்கள். நானும் கேட்கவில்லை, தெய்வ காரியம். ஒரு தட்டு சுண்டல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நாளைக்கு முதல் வேலை என்னுது" என்று சொல்லி வந்தேன். வானம் முழுக்கக் காற்றாடி.

புரட்டாசி 2, வியாழன்

எண்ணெய் மாற்றியாச்சு. கூடவே நின்றேன். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு இறக்குங்கள் என்றேன், இறக்கினார். பழைய எண்ணெய் தார் மாதிரி. நித்தாய்தா இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். "தண்ணி இல்ல பௌதி."

"அப்போ கேஸ்கட்?"

"நல்லாத்தான் இருக்கும் போல." விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஆனா நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு தடவை தூரமா ஓட்டிட்டு மூடியைத் திறந்து பாருங்க."

மூடியை அவரே துடைத்துக் கொடுத்தார். சிந்தெடிக் டப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

இவரிடம் சொன்னேன். "சந்தோஷம். நல்ல வண்டின்னு சொல்லியே விக்கலாம்." பாத்திரம் தேய்த்தேன், சத்தமாக.

புரட்டாசி 6, திங்கள்

நவராத்திரி முதல் நாள். வெயில். கலசம் வைத்து, விளக்கேற்றி, கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்து மூடி வைத்துவிட்டு சாவியை எடுத்தேன்.

"எங்க?"

"அக்கா வீட்டுக் கொலுவுக்கு."

"வண்டி பார்க்க ஆள் வருதுல்ல?"

"காபி கொடுத்து உக்கார வைங்க. டிகாக்‌ஷன் போட்டு வச்சிருக்கேன்."

"பாலம் தாண்டித் தனியாவா? விளையாடறியா?"

கேட் வரை லுங்கியோடு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று குரலை உயர்த்தவில்லை. அது எனக்கு வசதியாய்ப் போயிற்று.

தாராதலா நெரிசலில் ரெண்டு தடவை எஞ்சின் நின்றது, என் க்ளட்ச் தப்பு. பின்னால் டாக்ஸிக்காரர் தலையை நீட்டி, "மாசிமா, பூஜைக்குள்ள போய்ச் சேர்ந்துடுவீங்களா?" நீ முன்னால் போய்ச் சொல்லிவை, வருகிறேன் என்றேன். சிரித்துவிட்டு முன்னால் போனார்.

பாலம். கீழே கங்கை, இந்தப் பக்கம் படகு. பார்க்கவில்லை. பார்த்தேன், ஒரு நொடி. வாய் தானாக முருகா முருகா என்று. மூன்றாம் கியர், நாலாம் கியர். எங்கள் சந்தில் நாலாம் கியரே கிடையாது. எஞ்சின் சத்தம் அப்படியே இழைந்து போயிற்று.

அக்கா ஜன்னலில் நின்றாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "டிரைவர் எங்கடி?"

"இதோ."

முதலில் திட்டினாள். அப்புறம் பாயசம். என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், விடவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது, உட்கார்ந்திருக்கும்போது எடுக்க மனசில்லை.

திரும்பி வந்தபோது தாக்குர்புகூர்க்காரர் ஹாலில், கொலு முன்னால், சுண்டலோடு. இவர் எதிரில், முகம் கடுகடுவென்று. இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு பானட்டைத் திறந்தேன். சூடு ஆறட்டும் என்று நின்றேன். மூவரும் நின்றோம். துணி வைத்து மூடியைத் திருகினேன்.

சுத்தம். எண்ணெய் மினுமினுப்பு மட்டும்.

வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நல்ல எஞ்சின். தாதா, சொன்னதுக்கு மேலேயே போட்டுத் தரேன்" என்றார். இவர் கண்ணில் ஆசை தெரிந்தது. இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. வண்டியைக் குணப்படுத்தி விலையையும் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

"வண்டி கொடுக்கறதா இல்ல" என்றேன், பெங்காலியில், அவருக்குப் புரிகிற மாதிரி. சாவியை இடுப்பில் செருகினேன்.

"தாதா, முதல்ல வீட்ல பேசி முடிங்க" என்று தட்டை வைத்துவிட்டுப் போனார்.

"மானத்தை வாங்கிட்ட."

"வண்டிக்கு ஒரு வியாதியும் இல்ல. சந்துக்குள்ளேயே பூட்டி வச்சதுதான் வியாதி. நித்தாய்தாவையே கேளுங்க. வாரத்துக்கு ஒரு தடவை தூரம் ஓடணும், இல்லேன்னா மறுபடி வெண்ணெய்தான். நீங்க ஓட்டறீங்களா, நான் ஓட்டட்டுமா?"

சாயங்காலம் சுமங்கலிகள் வந்தார்கள், சுண்டல் கொஞ்சம் குறைந்துவிட்டது.

புரட்டாசி 11, சனி

காலையில் நல்ல வெயில். பூஜைப் பந்தல் பார்க்கிற கூட்டம் சாயங்காலம்தான், இப்போது ரோடு காலியாக இருக்கும். இவர் அன்றிலிருந்து அளந்துதான் பேசுகிறார். பேசட்டும். தாக்குர்புகூர்க்காரர் மறுபடி போன் பண்ணினார். இவர் எடுத்து, என்னைப் பார்த்து, "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

டயருக்குக் காற்று பார்த்தேன். தண்ணீர் பாட்டில், எலுமிச்சம் சாதம், அக்காவுக்கு முட்டித் தைலம். புடவை முந்தியைச் செருகிக்கொண்டு சாவியை எடுக்கும்போது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எப்ப வருவே?"

"எஞ்சின் நல்லா சூடு ஏறணும். நேரமாகும்."