மலை ஏறுமுன் சொல்லாத ஜெபம்

ராசிங்காபுரம்,
அக்டோபர் 26.

அன்புள்ள தம்பி ஸ்டான்லிக்கு மதினி எழுதுவது. நானும் ஸ்வீட்டியும் சுகம். கர்த்தர் உன்னையும் அந்த ஊரில் சுகமாக வைத்திருக்க வேண்டும். நீ போனை எடுப்பதில்லை. திருப்பூருக்கு வருகிற பால்பாண்டியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே நல்ல மழை. ஸ்வீட்டி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். அப்பாவைப் பற்றிக் கேட்பதில்லை. சித்தப்பா எப்ப வருவார் என்றுதான் கேட்கிறாள்.

நீ ஏன் ஊரைவிட்டுப் போனாய் என்று பால்பாண்டி சொன்னான். மலை அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி உங்க அண்ணன் தினமும் ஜெபம் பண்ணுவார். அன்றைக்கு மழையில் நேரமாகிவிட்டது என்று நீதான், "இன்னைக்கு வேணாம்ணே, ஏறிருவோம்" என்று ஓட்டினாய். அதனால்தான் ரோட்டோரத்து மண் சரிந்து வண்டி உருண்டது, அண்ணனைக் கொன்றது நான்தான் என்று அவனிடம் அழுதாயாமே.

உன்னிடம் மறைக்க மாட்டேன் தம்பி. ஜெபம் பண்ணாமல் ஏறியதை ஜீப்பில் வந்தவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்லறைத் தோட்டத்தில் உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டது அதற்குத்தான். கர்த்தர் மேலும் கோபம். ஒருநாள் கூப்பிடவில்லை என்றால் கையை விட்டுவிடுவீரா என்று அடுப்படியில் நின்று சண்டை போட்டேன்.

போன மாதம் மறுபடி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனேன். வேறு ஆளுடைய ஜீப்பு. அடிவாரத்தில் நின்றதும் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். முன்பெல்லாம் "வெரசா முடிப்பா, ஒங்க சாமிக்கு வேற சோலி இல்லையா" என்று உங்க அண்ணனைக் கேலி பண்ணுவாளே அய்யம்மாளக்கா, அவளே, "நீ சொல்லு ஆத்தா, சொல்லாம ஏறப் பயமா இருக்கு" என்றாள். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, வண்டிய எடுப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டாள்.

ஜெபம் இல்லாமலே ஏறினோம். வழியெல்லாம் மூடுபனி. சாயங்காலம் பதினொரு பேரும் பத்திரமாக இறங்கினோம். நாம் கூப்பிட்டால் மட்டும் கூட வருகிறவர் இல்லை கர்த்தர் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. கூப்பிடாத அன்றும் கூடவேதான் இருந்திருக்கிறார்.

பிறகு ஏன் அண்ணனை விட்டார் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது தம்பி. உங்க அண்ணன் தனியாகப் போகவில்லை என்று மட்டும் நம்புகிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

நம்ம ஜீப்பைப் பட்டறையில் சரிபண்ணி வாசலில் நிறுத்தியிருக்கிறேன். கன்னையன் அண்ணன் ஓட்டக் கேட்டார். கொடுக்கவில்லை. நீ வந்து ஓட்டு. முன் சீட்டில், உங்க அண்ணன் உட்காருகிற இடத்தில், நான் உட்கார்ந்து வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கைகளைக் கர்த்தர் திடப்படுத்துவாராக.

உன் மதினி,
ஞானசெல்வி