படத்தில் இல்லாத புகை

மில்பா கிரீக்,
விக்டோரியா.
24 ஜனவரி 2000

அன்பு மகள் லினெட்டுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் ஆன்ட்ரூவும் வயிற்றில் இருக்கும் வாண்டும் லண்டன் குளிரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கோடை வெயில் மண்டையைப் பிளக்கிறது. தக்காளி செடியிலேயே வெந்து தொங்குகிறது. நாய் குளியலறைத் தரையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பிரசவத்துக்கு வருகிறாயா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல் என்று கேட்டிருக்கிறாய். பிப்ரவரிக் கடைசியில் குழந்தை, அம்மா இன்னும் டிக்கெட்கூட எடுக்கவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. உன் அப்பாவை இங்கே தனியாக விட்டுவிட்டு வர முடியாது. ஏன் முடியாது என்று ஊரில் யாரிடமும் சொல்லவும் முடியாது. எல்லாம் நீ அனுப்பிய அந்தக் கேமராவால்தான் எனக்குத் தெரியவந்தது.

அவர் பிறந்தநாளுக்கு வந்த பெட்டியைப் பிரித்தபோது, இதுவும் அந்த ரொட்டி சுடும் மெஷின் போல அலமாரிமேல் ஏறிவிடும் என்றுதான் நினைத்தேன். ஏறவில்லை. கழுத்தில் மாட்டியவர் மாட்டியவர்தான். சாப்பாட்டு மேஜையில் கழுத்தில், நாய்க்குச் சோறு வைக்கும்போதும் கழுத்தில். நான்கு பேட்டரி போட்டால் டீ ஆறுவதற்குள் தின்று தீர்த்துவிடுகிறது. சார்ஜ் செய்யும் பேட்டரிகளை வாங்கிவந்து சமையலறைப் பிளக்கை அவர் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். டோஸ்ட் போட நான் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

மருந்துக்கடை நோயலிடமும் இதே கேமரா இருக்கிறது. ஊரிலேயே இவர்கள் இரண்டு பேரிடம்தான் என்பதால் சம்பந்திகள் மாதிரி நடந்துகொள்கிறார்கள். சந்தித்தால் ஒரே புலம்பல். பொத்தானை அழுத்தினால் அது யோசித்து, பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் படம் எடுக்கும். நோயல் சனிக்கிழமை கிரிக்கெட்டை எடுக்கப் போனார். அவரிடம் இருப்பதெல்லாம் அவுட்டாகித் திரும்புகிறவர்களின் முதுகுதான். வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. அதற்காக உன் அப்பா தன் பழைய மழைக்கோட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்க்கிறார். பேட்டரியைக் கழற்றினால் தேதி ஜனவரி ஒன்றுக்கு ஓடிவிடுகிறது. டெஸ் வீட்டில் தினமும் புத்தாண்டு, விருந்துதான் கிடையாது என்று நோயல் உன் அப்பாவைக் கிண்டல் செய்வார். மூன்று மடங்கு வரைக்கும் லென்ஸ் நிஜமாகவே நீள்கிறது. அதற்குமேல் டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று இருக்கிறது. அதில் தெரியாத இடத்தைக் கேமரா தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறதாம். இதை நோயல் சொன்னபோது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

இந்த இடத்தில் எழுந்து வெளியே போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தேன். தீயைக் கிளப்பும் வடக்குக் காற்று தொடங்கிவிட்டதோ என்று சந்தேகம். இல்லை, மேற்குதான். இன்று உன் அப்பாவுக்கு ஓய்வு நாள், காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தில் ஷரன் இருக்கிறாள். போன வருஷம் வனத்துறை மாற்று ஆளாக எடுத்த பெண். அப்படி இருந்தும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தைத் தொடங்கியதிலிருந்து நான்கு தடவை எழுந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் ஒரு நாள் உன் அப்பா கோபுரத்திலிருந்து வயர்லெஸ்ஸில் புகை என்று சொல்லி, தீயணைப்பு வண்டி இரண்டும் அலறிக்கொண்டு போனால், அது கோதுமை அறுக்கும் மெஷின் கிளப்பிய புழுதி. இருபது கோடைக்கு மேல் அந்தக் கோபுரத்தில் இருக்கிற மனிதர், புழுதிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாதவரா? தீயணைப்புப் படைக் கேப்டன் பாரி பப்பில் வைத்து, டெஸ் இனிமேல் ரொட்டி வாங்கும்போதும் வண்டியைக் கூப்பிடுவார் என்று சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். உன் அப்பாவும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், தோட்டத்துப் படங்கள் அனுப்பு என்று நீ நச்சரித்தாயே, அதற்காக அவர் தூங்கும்போது கேமராவை நோயலிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன் கம்ப்யூட்டரில் வயரைச் செருகிப் பார்த்தார். தோட்டம் ஒன்றுகூட இல்லை. சமையலறைக் கடிகாரம் இருந்தது. டெலிபோன் புத்தகத்தின் ஒரு பக்கம். மாத்திரை டப்பாவின் லேபிள். சாப்பாட்டுக் கிளப்பின் மெனு பலகை. மிச்சமெல்லாம் என் முகம்.

நோயல் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டார். "நான் கேக்கக் கூடாதுதான் வால்மா. டெஸ் எதுக்கு உங்க மூஞ்சியவே இத்தன தடவ எடுத்து வச்சிருக்காரு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அறுபது வயதில் இது என்ன கூத்து என்று சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். கார் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. ஒரு படத்தில்கூட நான் போஸ் கொடுக்கவில்லை. எல்லாம் சாப்பாட்டு மேஜையில், நான் ஏதாவது கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது எடுத்தவை. நான் சிரிக்கிறேனா முறைக்கிறேனா என்று பார்க்க, படம் எடுத்து, பெரிதாக்கி, அப்புறம் பதில் சொல்லியிருக்கிறார். அவர் படம் எடுக்கவே இல்லை, லினெட். அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கண் போய்க்கொண்டிருக்கிறது.

காரில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. முழங்கால் வலி என்று சொல்லி வண்டியை என்னை ஓட்டச் சொன்னது, உன் கடிதங்களை, "நீயே படி வால், உன் குரல்ல கேட்டாத்தான் நல்லாருக்கு" என்று என்னிடம் நீட்டியது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அன்று ராத்திரியே கேட்டுவிட்டேன். பார்வைக்கு நடுவில் மட்டும் ஒரு மங்கல், கோடை முடிந்ததும் டாக்டரிடம் போகிறேன், கோபுரத்தில் எனக்குக் கேமரா போதும் என்றார். போதுமா? கீழே எத்தனை வீடு இருக்கிறது என்று கத்தினேன். அவர் எழுந்துபோய் நாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை

திங்கட்கிழமை இதற்குமேல் எழுத வரவில்லை. நேற்றும் முந்தாநாளும் வடக்குக் காற்று, காலையிலிருந்தே கோபுரத்தில் இருந்தோம். இருந்தோம் என்று எழுதிவிட்டேன் பார். ஆமாம், இப்போது நானும்தான் ஏறுகிறேன். எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

புத்தாண்டு முடிந்து ஒரு நாள், அனல் வீசிக்கொண்டிருந்தது. அவரை இறக்கிவிட்டுத் திரும்ப மனசு வராமல் டீ பிளாஸ்க்கோடு நானும் மேலே ஏறினேன். அங்கே உன் அப்பா அந்த மழைக்கோட்டுக்குள் இருந்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் போய் மலையைப் படம் எடுப்பது, கோட்டுக்குள் புகுந்து பெரிதாக்கிப் பார்ப்பது, சுத்தம் என்று முனகிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போவது. பேட்டரி மாற்றும்போது மட்டும் கையைத் தடவி வேலை செய்தார். பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கிழக்கு ஜன்னலை முடித்துவிட்டுச் சுத்தம் என்றார். நான் சும்மா அந்தப் பக்கம் பார்த்தேன். ஃபாரல் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்திலிருந்து கெட்டில் ஆவி போல மெலிசாக ஏதோ எழுந்துகொண்டிருந்தது. புகை என்றேன். அவர் மறுபடி எடுத்துப் பெரிதாக்கி, கோட்டைத் தூக்கி என்னையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

"நீயே பாரு வால். ஒண்ணுமில்ல."

நிஜமாகவே ஒன்றுமில்லை. மலை இருந்தது, மேலே வானம் இருந்தது. வானம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். அந்த மெல்லிய புகையைக் கேமரா வானத்தோடு சேர்த்துப் பூசி மெழுகிவிட்டது. ஊகித்து நிரப்புகிறது என்று நோயல் சொன்னது அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் உன்னிடம் சொல்வதற்கு என்ன, ஒரு நொடி என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேன். அத்தனை சுத்தமாக இருந்தது அந்தப் படம்.

கோட்டை உதறிவிட்டு வெளியே வந்து பார்த்தால், புகையின் அடி பழுப்பாகியிருந்தது. மைக்கை எடுங்க என்றேன். அவர் எடுக்கவில்லை. புழுதியாக இருக்கும், இன்னொரு தடவை என்னால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது என்றார். நான் மேஜைமேல் இருக்கும், திசை காட்டும் பித்தளை வட்டத்தில் எண்ணைப் பார்த்து, மைக்கை எடுத்து நானே சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து வனத்துறை கிளெனிஸ், "டெஸ் எங்க வால்மா?" என்று கேட்டாள். "பக்கத்துலதான் இருக்காரு. பாத்துட்டு இருக்காரு" என்றேன்.

வண்டிகள் வேகமாகப் போய்ச் சேர்ந்தன. இரண்டு மேய்ச்சல் நிலமும் ஒரு கொட்டகையும் போயின. வீட்டு வேலி வரைக்கும் வந்து தீ நின்றுவிட்டது. ஃபாரல் மருமகள் இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள், யாருக்கும் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்பதை நான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. துணி காயப்போடும்போதுகூட அந்தப் பள்ளம்தான் கண்முன் வந்து நிற்கிறது.

அன்று சாயங்காலம் பாரி ஒரு பெட்டி பீரும் இறாலுமாக வீட்டுக்கே வந்துவிட்டான். புழுதி கிண்டலுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டான். "என்னா கண்ணுய்யா உனக்கு. இந்த ஊருக்கே அது போதும்" என்று உன் அப்பாவின் முதுகில் தட்டினான். அவர் கிளாஸை மட்டும் உயர்த்தினார். பாரி போனபிறகுதான் பேசினார்.

"படத்துல இல்லையே வால். நான் ஒழுங்காத்தான பாத்தேன்?"

இந்த ஒரு கோடை மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அதிலிருந்து தினமும் நான் பார்க்கிறேன், அவர் வயர்லெஸ்ஸில் பேசுகிறார். ஊர் முழுக்க டெஸ் மாதிரி உண்டா என்கிறது. அந்தப் பாராட்டைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். நான் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும்? வனத்துறைக்கு எழுதிவிடலாமா என்று பேனா எடுப்பேன், அவர் வாசல் தாண்டி வரும்போது கை தானாகக் கதவு நிலையைத் தேடுவதைப் பார்ப்பேன், பேனாவை வைத்துவிடுவேன். இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் எடுத்தாலும் அப்பாவைக் கேள். ஆன்ட்ரூவுக்கு வேலை விஷயமாக வெளியூர் போக வேண்டியிருக்கிறது, பயமாக இருக்கிறது, அம்மா மட்டும் வந்தால் போதாது, நீங்களும் வந்தால்தான் தைரியம் என்று சொல். பொய்தான். ஆன்ட்ரூவிடமும் சொல்லி வை. அழ முடிந்தால் கொஞ்சம் அழு. கண்ணுக்காக அவர் அந்தக் கோபுரத்தை விட்டு இறங்க மாட்டார், உனக்காக இறங்குவார். ஷரன் எப்போது முழுநேர வேலை கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள், கெட்டிக்காரி. நாங்கள் விமானம் ஏறும்வரை நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். அங்கே வந்தபிறகு கண் டாக்டரிடம் நீதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பதில் எழுதுவதானால், இந்த விஷயம் எதுவும் இல்லாமல், நான் சத்தமாகப் படித்துக் காட்டுகிற மாதிரி எழுது. நான் நடுவில் நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. குழந்தையை அவரிடம் கொண்டுவரும்போது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பேரப்பிள்ளைமேல் ஆசையில்லையோ என்று மனசு நொந்துவிடாதே. நேராகப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை, ஓரத்தில்தான் இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறது. அவர் திரும்பியிருந்தால் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் போதும் என்று சொல்லும்வரை பிள்ளையை அப்படியே பிடித்துக்கொண்டு இரு.

நல்லபடியாகப் பெற்றெடு, என் தங்கமே.

என்றும் உன் அம்மா,
வால்மா