பிரேக்கை மிதித்தால் இறங்கும் முள்

மாப்பிள்ளை,

என் சட்டையில் பழைய பெட்ரோல் நாற்றம். இரண்டு தடவை சோப்பு போட்டும் போகவில்லை. நீ கண்ணை மூடினபிறகு உன் காரை யாரும் தொடவில்லை, டேங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டு வார்னிஷ் மாதிரி ஆகியிருந்தது. இன்று காலை அதை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றி, உன் மகள் ரம்யாவும் நானும் ஸ்டார்ட் பண்ணினோம். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ரம்யா கைதட்டினாள். நான் டயலைத்தான் பார்த்தேன்.

என்ஜின் உதறியது. ஆர்.பி.எம் முள் இறங்கி, அணைந்துவிடும் என்று நினைக்கும்போது தத்தளித்து மேலே வந்தது. அந்த உதறல் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். எதனால் என்றுதான் உனக்குக் கடைசிவரை தெரியாது.

பஜார் ரோட்டில் நீ வேலை பார்த்த சுக்கு கோடவுனின் பின்பாதியில்தான் கார் இன்னும் நிற்கிறது. அங்கே பானெட்டைத் திறந்தால் முதலில் பத்துத் தும்மல், பிறகுதான் வேலை. போர்ட் கொச்சியில் ஹோட்டலை மூடிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய ஒருவரிடம் நீ அதை வாங்கிவந்த நாளில், மட்டாஞ்சேரியே உன்னைப் பைத்தியம் என்றது. சிவப்பு நிறம், மடக்குகிற கூரை, இரண்டே இரண்டு சீட்டு. “வீட்ல மூணு பேரு. ரம்யாவை எங்கடா உட்கார வைப்பே?” என்று கேட்டேன். “உன் பைக்லதான் மச்சான். மாமன்னு எதுக்கு இருக்கே?” என்றாய். என் தங்கச்சியைக் கட்டினதிலிருந்து என்னை இப்படி வேலை வாங்குவது உனக்குப் பொழுதுபோக்கு.

அந்தச் சனிக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். மறுநாள் தங்கச்சிக்குப் பிறந்தநாள், வண்டிகளைக் காயலுக்கு அக்கரை சேர்க்கிற ஜங்காரில் காரை ஏற்றி வைப்பின் தீவுக்குப் போய், அங்கிருந்து செராய் கடற்கரைக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தாய். இரண்டு நாளாக வண்டி சிக்னலில் நின்றால் உதறுகிறது, சில நேரம் அணைந்தே விடுகிறது என்று என் ஒர்க் ஷாப்பில் கொண்டுவந்து விட்டாய். பிளக் மாற்றினேன். ஏர் பில்டரைத் தட்டினேன். த்ராட்டிலைக் கழற்றிக் கரி போகத் துடைத்தேன். உதறல் குறைந்தது, போகவில்லை. வண்டியை வெளியே எடுக்கலாம் என்று உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தேன். முள் விழுந்தது. காலை எடுத்தேன், ஏறியது. மறுபடி மிதித்தேன், மறுபடி விழுந்தது.

இப்போதாவது உனக்கு விளக்குகிறேன். பிரேக் பூஸ்டர் என்று ஒரு வட்டமான டப்பா உண்டு. நம் கால் கொடுக்கிற பலத்தை அதுதான் பெருக்கிக் கொடுக்கும். என்ஜின் இழுக்கிற காற்றை வைத்து வேலை செய்வது. உள்ளே இருக்கிற ரப்பர் கிழிந்தால், மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கிழிசல் வழியாக வேண்டாத காற்று என்ஜினுக்குள் போகும், ஐட்லிங், அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடுகிற ஓட்டம், தடுமாறும். அது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை, அடிக்கடி மிதிக்கிற இடத்தில் பிரேக் கல் மாதிரி இறுகிவிடும். எனக்கு இது தெரியும். அந்தச் சனிக்கிழமையே தெரியும். ஆனால் அந்தக் காருக்குப் பூஸ்டர் பம்பாயிலிருந்து வர வேண்டும், இருபது நாளாவது ஆகும். சனிக்கிழமை சாயங்காலம் முடித்துத் தருகிறேன் என்று நான் வேறு ஜம்பமாகச் சொல்லியிருந்தேன்.

ஐட்லிங் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று ஏற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். என்ஜின் சத்தமாக, சீராக நின்றது. முள் அசையவில்லை. நீ வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு என் முதுகில் ஓங்கி அடித்தாய். “கை பொன்னுடா மச்சான்” என்றாய். நான் சிரித்தேன். பூஸ்டரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜங்காருக்கு வண்டிகள் ஊர்ந்தன. நீ ஓட்டினாய், பக்கத்தில் தங்கச்சி. பின்னால் என் பைக்கில் நான், எனக்குப் பின்னால் எட்டாம் வகுப்பு ரம்யா. வரிசையில் பத்தடிக்கு ஒரு பிரேக். கரையிலிருந்து ஜங்காருக்குள் இறங்குகிற இரும்புச் சரிவில் உன் கார் நிற்காமல் போனது. வேகம் ஒன்றுமில்லை, நடந்துபோகிற வேகம்தான். முன்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண், அவள் மடிக்கு முன்னால் நிற்கிற குழந்தை. அவர்களுக்கு அப்பால் ஒரு சங்கிலி, அதற்கப்பால் காயல். தங்கச்சி அலறினது இன்றும் என் காதில் இருக்கிறது. ஸ்கூட்டர் சாய்ந்தது. யாரோ குழந்தையைத் தூக்கிவிட்டார்கள். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. “எந்தா சேட்டா, பிரேக் சவிட்டான் அறியில்லே?” என்று ஜங்கார்காரர் உன் முகத்துக்கு நேரே கத்தினார். பிரேக் மிதிக்கத் தெரியாதா என்று அவர் உன்னைக் கேட்டது அங்கே நின்ற ஐம்பது பேர் காதிலும் விழுந்தது.

நீ என்னிடம்தான் வந்தாய். உதடெல்லாம் வெளுத்திருந்தது. “மிதிச்சேன்டா. சத்தியமா மிதிச்சேன். அது கீழ போகல.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்தக் குழந்தையைப் பார்த்தேன், அதன் அம்மாவைப் பார்த்தேன், கூட்டத்தைப் பார்த்தேன். நான் சொன்னது வேறு. “உனக்குச் சுகர் இருக்குல்ல மாப்பிள்ளை. கால்ல உணர்ச்சி கொறஞ்சிருக்கும். டாக்டரைப் பாரு.”

நீ என் வார்த்தையை நம்பினாய். டாக்டரும் சுகர்காரர்களுக்கு அப்படி ஆவதுண்டு என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். அதற்கப்புறம் நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை. “காலே சரியில்லாத மனுசனுக்குக் கார் ஒரு கேடா?” என்று தங்கச்சி எத்தனை தடவை உன்னைக் குத்திக்காட்டினாள், நானும் சாயா குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம். காரைப் பற்றி நீ பேச்செடுத்தாலே எனக்கு வியர்க்கும். பூஸ்டரைக் கழற்றி யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, வேறு மெக்கானிக் யாரையும் அதன் பக்கம் விடவில்லை. நீ அதைப் பாசம் என்று நினைத்தாய்.

இன்று காலை ரம்யா பானெட்டுக்குள் தலையைவிட்டு நின்றாள். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள், ஆனால் உன் காது அப்படியே இருக்கிறது அவளுக்கு. நான் பிளக், பில்டர் என்று சுற்றி வளைத்தேன். அவள் சீட்டில் உட்கார்ந்தாள், பிரேக்கை மிதித்தாள், முள் விழுந்தது. இறங்கி வந்து பூஸ்டருக்குப் போகிற ரப்பர்க் குழாயைத் துணி சுற்றிப் பிளையரால் நெரித்தாள். உதறல் நின்றது. விட்டாள், உதறியது. ஐந்து நிமிஷ வேலை. இத்தனை வருஷத்தில் கிழிசல் பெரிதாகியிருந்தது, நான் ஏற்றிவைத்த ஒன்றரைச் சுற்று இப்போது போதவில்லை.

“மாமா, லீக்கு பூஸ்டர்லதான். இது முன்னாடியே இருந்ததா?”

“தெரியலியேம்மா.”

“அம்மாவை ஞாயித்துக்கிழமை செராய்க்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். பக்ஷே பார்ட்டு இப்போ எங்க கிடைக்கும்? ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏத்தி வெச்சா ஒரு நாளைக்குத் தாங்கும்ல?” கையில் ஸ்க்ரூ டிரைவர். என் ஸ்க்ரூ டிரைவர்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியிருக்கிறேன். எப்போது பிடித்தேன் என்றே தெரியவில்லை. “விடுங்க மாமா, வலிக்குது” என்றபோதுதான் தெரிந்தது. அவள் முகத்தில் பயம். என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள், பிறந்த அன்றைக்கு நான் கையில் வாங்கின குழந்தை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஒன்றரைச் சுற்று, பம்பாய் பார்ட், சுகர், எல்லாம். என்ஜின் உதறிக்கொண்டே இருந்ததால் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் போய் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

“அப்பா குளிச்சிட்டு வந்து ஊக்கை எடுத்து பிரேக் மிதிக்கிற பாதத்துல குத்திக் குத்திப் பாப்பாரு மாமா. ‘நல்லா வலிக்குதே, அன்னைக்கு மட்டும் ஏன் உணர்ச்சி வராமப் போச்சு?’ன்னு எங்கிட்டக் கேப்பாரு. நான் ஸ்கூலுக்கு லேட்டாகுதுன்னு ஓடிருவேன்.”

எனக்கு இது தெரியாது மாப்பிள்ளை. உன் காலை நீ அப்படிச் சோதித்துப் பார்த்தது எனக்குத் தெரியவே தெரியாது.

பிறகு அவள் கேட்டாள். “அன்னைக்கு அப்பா மிதிச்சாரா இல்லையா? பூஸ்டர் லீக்குன்னு நீங்க சொல்றது சரி. கால்ல உணர்ச்சி இல்லாம அப்பா மிதிக்காமயும் இருந்திருக்கலாமே. நிச்சயமா உங்களுக்குத் தெரியுமா?” நான் பானெட்டை இறக்கி மூடினேன். “அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும். தனியா வந்து சொல்லணும்” என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். சாவி காரிலேயே இருக்கிறது.

நாளைக் காலை உன் வீட்டுக்குப் போகிறேன். தங்கச்சி கதவைத் திறப்பாள், சாப்பிட்டியா அண்ணா என்பாள். அவள் என்னை இனி வீட்டுக்குள் விடுவாளோ என்னவோ. விடாவிட்டாலும் வாசலில் நின்றாவது சொல்ல வேண்டும். ஆனால் ரம்யா கேட்டதற்கு நான் முதலில் உனக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் இங்கே சொல்கிறேன்.

நான் உன் காருக்கு நேர் பின்னால் இருந்தேன். நீ சரிவில் இறங்க ஆரம்பித்ததுமே உன் பிரேக் விளக்குகள் இரண்டும் எரிந்தன. ஸ்கூட்டரில் போய் முட்டுகிறவரை ஒரு தடவைகூட அணையவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தாய். நான் பார்த்தேன்.