ஊருணியைப் பார்த்து நின்ற வண்டி

அக்கா,

வார்னிஷ் வாடை இன்னும் கூடத்தை விட்டுப் போகவில்லை. இன்று காலை பஸ் முதலாளியின் கணக்குப்பிள்ளை ஒரு படத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் சாய்த்து வைத்தார். எண்ணெய் வர்ணத்தில் எழுதிய படம். பச்சைச் சேலை, கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. யார் இது என்று கேட்டேன். அவர் உங்களைச் சொன்னார்.

நீங்கள் இறந்தபோது அந்த முதலாளி வீட்டிலிருந்து ஒரு ஆள்கூட உங்கள் தெருவுக்கு வரவில்லை. இப்போது சிவகங்கைக்குப் புதிதாக ஒரு பஸ் விடுகிறார்களாம். பூசை போட்டுக் கிளப்பும் அன்று உங்கள் படத்தை நான் திறந்துவைக்க வேண்டுமாம்.

"மொதலாளியோட அய்யா வண்டிப்பேட்டையைக் குத்தகை எடுத்திருந்த காலத்துலயே, வண்டியோட்டுற பொம்பளைக்குன்னு தனி எடம் ஒதுக்கி ஆதரிச்சிருக்காக. அதைப் பத்தியும் நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்மா. பி.ஏ. படிச்சவுக சொன்னா சனங்க கேக்கும்" என்றார்.

அந்த இடம் எப்படி ஒதுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்களில் உயிரோடிருப்பது அநேகமாக நான் ஒருத்திதான். அதனால்தான் கேட்டார்களோ, அது தெரியாமல் கேட்டார்களோ, தெரியவில்லை.

பெண் பள்ளிகளைத் தணிக்கை செய்யும் உத்தியோகத்துக்கு நான் வந்த புதிதில், காரைக்குடிப் பேட்டையில் எனக்கு வண்டி கிடைப்பதே பெரும்பாடு. துணைக்கு ஆண் இல்லாமல் வந்து நிற்கும் பெண்ணை வண்டிக்காரர்கள் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் வழியெல்லாம் கேள்வி கேட்பார்கள். ஒருநாள் பேட்டைக்கு வெளியே தனியாக நின்ற ஒரு கூண்டு வண்டியைக் கண்டேன். நீங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"பள்ளத்தூருக்கு வருமா?" என்று கேட்டேன்.

"வரும். ஆனா நான் தாலி அறுத்தவ. காரியமாப் போறீகன்னா யோசிச்சுக்கங்க. அப்புறம் போன எடத்துல ஒண்ணு நடக்கலேன்னா என்னைத்தான் வைவீக."

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கையில்லை என்றேன். "நம்பிக்கையில்லாதவுகதான் கூலியக் கொறைச்சுக் கேப்பாக" என்றீர்கள். நான் குறைத்துக் கேட்கவில்லை. அன்று தொடங்கியது நம் பழக்கம்.

உங்கள் கணவர் விட்டுப்போன வண்டி அது. விற்றுவிடச் சொன்னவர்களுக்கெல்லாம், ஓட்டத் தெரிந்தவள் ஏன் விற்க வேண்டும் என்று பதில் சொல்லியிருந்தீர்கள். ஆனால் மற்ற வண்டிக்காரர்கள் உங்களைப் பேட்டைக்குள் விடவில்லை. வண்டிகளெல்லாம் சாலையைப் பார்த்து வரிசையாக நிற்கும். விடிந்ததும் சாலையில் போகிறவன் உங்கள் முகத்தில் விழித்தால் அன்றைய சவாரி யாருக்கும் உருப்படாது என்பது அவர்கள் வாதம். உங்களை அழைத்த வீடுகளும் அப்படித்தான். வண்டியைப் பின்புறமாக வாசலுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, அதற்கப்புறம் உள்ளே ஏறுவார்கள்.

"முதுகுலகூட சகுனம் பாக்குறாக டீச்சரம்மா. எனக்கே தெரியாம அங்குட்டு ஒரு மொகம் இருக்கு போல" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

பேட்டைக்கு வெளியே நின்றால் சவாரி கிடைப்பதில்லை. மாட்டுக்குத் தீவனம் போடவே முடியவில்லை, இனி விற்கத்தான் வேண்டும் என்று நீங்கள் சொன்ன அன்றுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு இந்த முதலாளியின் அய்யாவான குத்தகைக்காரரிடம் போனேன். அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். உங்களை நிற்கவைத்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை என்பதை அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அம்மா படிச்சவுக. ஒங்களுக்கு நான் சொல்லணுமா? எனக்கு ஒண்ணுமில்லை. ஊருச் சனம் ஒத்துக்கிறாது."

பேட்டை பொது இடம், எந்தச் சட்டத்தில் விலக்கினீர்கள் என்று கேட்டேன். பேச்சு நீண்டது. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். வண்டி உள்ளே வரலாம். ஆனால் கோடியில், சாலைக்கு முதுகைக் காட்டி, பின்னாலிருக்கும் ஊருணியைப் பார்த்து நிற்க வேண்டும். ஓட்டுகிறவளும் சாலைப் பக்கம் திரும்பக் கூடாது. அதை என்னிடம்தான் சொன்னார். உங்களைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் "சரிங்க" என்றுவிட்டீர்கள். வெளியே வந்ததும் உங்களிடம் கோபித்துக்கொண்டேன்.

"நீங்க கோவிக்கலாம் டீச்சரம்மா, ஒங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். எனக்கு நிக்க எடம் வேணும். மாடு எங்குட்டுப் பாத்தா என்ன?"

நீங்கள் சொன்னதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் பிறகு நடந்தது அவர் கணக்கில் இல்லாதது. கூண்டு வண்டியில் ஏறுவது பின்பக்கமாக. மற்ற வண்டிகளில் ஏற வேண்டுமானால் பெண்கள் வரிசைக்குள் நுழைந்து, சாணியை மிதித்து, பீடி குடித்துக்கொண்டிருக்கும் ஆட்களைத் தாண்டிப் போக வேண்டும். உங்கள் வண்டியிலோ சாலையிலிருந்து நேரே காலை வைத்து ஏறிவிடலாம். ஊருணிக் கரையோடு ஓட்டிப்போய் அப்பால் சாலையில் சேர்ந்துகொள்வீர்கள். மானகிரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும், பிறந்த வீட்டுக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகளும் உங்களைத் தேடி வந்தார்கள். சிலர் திரையை விலக்கிவிட்டு உங்களோடு பேசிக்கொண்டே போனார்கள். அதைப் பார்த்து மற்ற வண்டிக்காரர்களும் ஒவ்வொருவராக வண்டியைத் திருப்பிப் போட்டார்கள்.

பேட்டை முழுவதும் ஊருணியைப் பார்த்து நின்ற பிறகும் அவர்கள் உங்களோடு பேசவில்லை. குத்தகைக்காரர் மட்டும், பெண்கள் சௌகரியமாக ஏற இப்படி ஏற்பாடு செய்தது தான்தான் என்று சொல்ல ஆரம்பித்தார். பஸ் வந்து பேட்டை போயிற்று. அந்த ஏற்பாட்டின் பெருமை மகனுக்குச் சொத்தாகப் போயிருக்கிறது.

இன்று காலை கணக்குப்பிள்ளையிடம் ஒன்றுதான் கேட்டேன். பொட்டையும் வளையலையும் அழித்து, அந்த அம்மாள் இருந்தபடி எழுதிக் கொண்டுவாருங்கள், திறந்துவைக்கிறேன் என்றேன்.

அவர் பதறிப்போனார். "அதெப்படிம்மா? புது பஸ்ஸு கெளம்புற எடம். நல்ல காரியம். அறுத்தவ படத்தையா மாட்டுறது?"

"அப்படியானால் யாரைப் பாராட்டுகிறீர்கள்?"

"அவுகளைத்தான்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

படத்தைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன். வேறு யாராவது திறந்துவைப்பார்கள். யாரோ ஒரு சுமங்கலியின் படம் அந்தச் சுவரில் தொங்கும், மாலையும் விழும். நான் தடுக்கப்போவதில்லை. பேட்டையில் உங்களை நிற்கவிடாமல் செய்த அதே காரணம் இறந்த பின்னும் உங்கள் படத்தை மாட்டவிடாமல் செய்கிறது என்பதை மட்டும் முதலாளிக்குத் தெரியும்படி எழுதி அனுப்பியிருக்கிறேன். அவருக்குப் புரியும் என்று நம்பவில்லை.

உங்களிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு மிஞ்சியது பகைதான். இரக்கத்தோடு பேசுகிறவர்கள் மீதுதான் அது அதிகம். சென்ற வாரம் ஒரு பையன்கள் பள்ளிக்குப் போயிருந்தேன். பெண் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறோம் என்று தலைமையாசிரியர் பெருமையாக வகுப்புக்குக் கூட்டிப்போனார். அந்தப் பிள்ளைகளின் பெஞ்சு சுவரைப் பார்த்துக் கிடந்தது. கூச்சப்படுவார்களே என்றுதான் இப்படி என்றார். எனக்கு நாற்காலி வந்தது. பெஞ்சைத் திருப்பிப் போடச் சொன்னேன். அவர் ஏதோ முணுமுணுத்தார். திருப்பிப் போடும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.