பன்னிரண்டு தாள்களில் என் கையெழுத்து

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலேயே வெயில். ரோலரில் மை இளகி வழிகிறது. எனக்கு ஒரே கோபம். வரிசையாக எழுதினால் அடங்கலாம்.

1. கண்காட்சிக்காரர் சொன்னது.
2. நான் செய்தது.
3. பாண்டியம்மாளுக்கு எழுதத் தெரியாது. ஆகவே வேறு வழி இல்லை.
4. இதில் என் பிழை எவ்வளவு?

கண்காட்சிக்காரர் சென்னைக்காரர். பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கூட்டுறவு அச்சுக்கூடத்தை, மூக்கைப் பொத்தாத குறையாகச் சுற்றிப் பார்த்தார். பாண்டியம்மாள் மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவள். அவள் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, நனைத்த தாளை மேலே வைத்து, கரண்டி முதுகால் தேய்த்து எடுத்த பன்னிரண்டு படிகள். மூட்டைக்கு அடியில் ஒரு பெண்ணின் கழுத்து; அவ்வளவுதான் படம். முதன்முறையாக மதுரையைத் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு படியின் கீழும் அவள் பெருவிரல் ரேகை.

"படம் பிரமாதம். கீழ என்ன, அழுக்கு மாதிரி? கையெழுத்து வேணும் சார். நீங்க படிச்சவர், உங்களுக்குத் தெரியாததா?"

படிச்சவர்! அந்த ஒரு சொல்லுக்கு மயங்கினேன். அழுக்கு உம் கண்ணில் என்று சொல்லியிருக்கலாம். "சரிங்க" என்றேன்.

மதியம் யாரும் இல்லை. அளவுகோல், பிளேடு. ரேகை இருந்த ஓரத்தைப் பன்னிரண்டிலும் நேராக வெட்டினேன். மிச்சமிருந்த வெள்ளையில் பென்சிலால் அவள் பெயர். அழகான எழுத்து. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை.

பல்வலி. கிராம்பு வாங்க வேண்டும். நான்காவதை இன்று எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மேகமூட்டம். பாண்டியம்மாள் ஒரு தாளைத் தூக்கியதும் கேட்டாள்: "இது யாரு கையி?"

"உன் பெயர்தான் பாண்டியம்மா."

"பேரு என்னுது. கோடு உங்களுது. எம்புட்டு நாளா பலகை செதுக்குறேன், கோட்டப் பாத்தா ஆளு தெரியாதாக்கும்? என் ரேகை எங்க?"

குப்பைக்கூடையைக் காட்டினேன். கண்காட்சிக்காரர் அழுக்கு என்றதையும் சொன்னேன்.

சௌமியா பக்கத்து மேசையில் செதுக்கிக்கொண்டிருந்தாள். திருநங்கை, வாய் ஓயாது. "அம்புட்டு நேரா வெட்டியிருக்காரு பாருக்கா. அளவெடுத்து வெட்டுனா வலிக்காதுல்ல!"

பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. "மார்க்கெட்ல பாண்டியம்மான்னு கூப்புட்டா எட்டுப் பேரு திரும்புவாளுக. இந்த ரேகை எனக்கு மட்டுந்தேன் சார்."

மறுபடி அச்சடிக்கவும் முடியாது. பன்னிரண்டு முடிந்ததும் பலகையின் குறுக்கே உளியால் கீறிவிட வேண்டும்; அதற்குமேல் ஒரு படிகூட எடுக்கக் கூடாது. எங்கள் விதி. எழுதியவன் நான். போன வாரம் பக்கத்தில் நின்று கீறவைத்தவனும் நான்.

முட்டாள். கோழை. சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூறல். தாள்கள் நமுத்திருந்தன.

பாண்டியம்மாள் பெருவிரலில் மை தொட்டு, என் எழுத்தின் மேலேயே அழுத்தினாள். பன்னிரண்டிலும். பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கண்காட்சிக்காரருக்குப் போன். "அழுக்கோடதேன் வருது. மாட்டுனா மாட்டுங்க, இல்லையா திருப்பி அனுப்புங்க." அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாள்.

மாலை, சுவரில் வேலைப் பட்டியல் எழுதும் கரும்பலகை. என் பெயருக்கு நேரே இருந்த 'பதிவேடு' அழிந்திருந்தது. பதிலாக: 'தாள் நனைப்பது மட்டும். பென்சிலைத் தொடக் கூடாது.'

"ஏன் சௌமியா, என்னிடமே சொல்லியிருக்கலாமே?"

"நான் எங்க சார் எழுதுனேன்? அக்காகிட்ட கேளுங்க."

பாண்டியம்மாள் விரலில் சாக்பீஸ் தூள். இரண்டு வரி, ஒரு பிழை இல்லை.

செவ்வாயன்று எழுதிய மூன்றாவது வரி தவறு. நான்கு வருடமாக ஒரே மேசை. எழுதத் தெரியுமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.