லாந்தர் கொண்டுவந்தவன் மேல் குற்றமில்லை

என்றும் என் அன்புக்குரியவரே,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீட்டில் எல்லாம் நடக்க வேண்டியபடி நடக்கிறது. காலையில் பால் வருகிறது. சாயங்காலம் ஜெபமாலை சொல்கிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதைப் பற்றிப் பூந்தமல்லியில் நாலு பேர் பேசுகிறார்கள் என்றும் காதில் விழுந்தது. வராததை எங்கிருந்து கொண்டுவருவது?

இந்தக் கடிதத்தை நம் பங்குக் கோயிலின் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். உங்கள் மரணச் செய்தியையும் அதில் நான்தான் எழுதினேன். "டிரைவரின் கவனக்குறைவால் நேர்ந்த தீ விபத்தில்" என்று ஒரு வரி அதில் உண்டு. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை என்று பங்குச் சாமியார் பாராட்டினார். அந்த வரி சரியல்ல. அதைப் படித்தவர்கள் இதையும் படிக்கட்டும்.

அந்த வரியால் ஏழுமலைக்கு ஒரு வருஷமாக வேலையில்லை. பத்து வருஷம் நம் காரை ஓட்டியவன், முத்தாபுதுப்பேட்டையில் செங்கல் சுமக்கிறான். முதலாளியைக் கொளுத்தியவன் என்று ஆவடி வரைக்கும் அவனுக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்கு வந்திருக்க வேண்டியது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். படிப்பவர்களுக்குத் தெரியாது. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கிய நம் காரின் என்ஜினை நீங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை துடைப்பீர்கள். எப்போதும் மண்ணெண்ணெயில்தான். மறுநாள் பூசைக்குப் போகும்போது அந்த வாடை கால் பலகைவழியாக ஏறி என் பட்டுப்புடவையில் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. அடுத்த முறை நீங்கள் துடைக்கப் போகும்போது பேசினேன். "பெட்ரோல் இருக்கே, அதுல துடைங்க. காஞ்சா வாடையே இருக்காது. கான்வென்ட்ல சிஸ்டர்ங்க பட்டுத்துணிக் கறையை எல்லாம் அதுலதான் எடுப்பாங்க."

நீங்கள் சிரித்துவிட்டு, "கான்வென்ட்டே சொல்லியாச்சு, அப்பீல் ஏது?" என்றீர்கள்.

சிஸ்டர்கள் அதில் கறை எடுத்தது உண்மை. ஒரு பஞ்சில் நாலு சொட்டு தொட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பட்டப்பகலில், சமையல்கட்டுக்கு மறுகோடியில் எடுப்பார்கள். நான் பஞ்சை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன். ஜன்னலை மறந்துவிட்டேன்.

அன்று ஐப்பசி மழை. சாரல் அடிக்கிறதென்று கார் கொட்டகையின் இரண்டு கதவையும் சாத்திக்கொண்டீர்கள். மத்தியானம்தான், ஆனாலும் உள்ளே இருட்டு. வெளிச்சம் கொண்டுவா என்று நீங்கள் குரல் கொடுத்தது எனக்கும் கேட்டது. ஏழுமலை சமையல்கட்டில் மாட்டியிருந்த லாந்தரை ஏற்றி எடுத்துப் போனான். நீங்கள் எப்போதும்போல மண்ணெண்ணெயில் துடைக்கிறீர்கள் என்றே அவன் நினைத்திருந்தான். மழை வாசனையில் அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை. கதவை ஒரு முழம் திறந்தான். லாந்தர் அவன் முழங்கால் அளவில் தொங்கியது. பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு படிந்து நிற்குமாம். பின்னால் மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தீ தரையோடு ஓடிக் காருக்குப் போயிற்று, உங்களுக்கும்.

அவன்தான் உள்ளே புகுந்து உங்களை இழுத்துவந்தான். என்ஜின்மேல் மண்ணை வாரிக் கொட்டி அணைத்ததும் அவன்தான். இரண்டு கையும் வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தீர்கள். பேசினீர்கள். நம் மகன் அருள் கேட்டான், டாக்டர் கேட்டார். பெட்ரோல் என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை. எனக்காகத்தானா? கேட்டிருக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அருள் என்னிடம், விளக்கு கொண்டுவந்தது யார் என்று கேட்டான். ஏழுமலை என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். பொய் சொல்லாமலிருக்கக் கான்வென்ட்டில் என்னை நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். இரண்டு கையிலும் கட்டோடு நின்றவனை அருள் அன்றே போகச் சொன்னான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி இந்த வாரத்துச் செய்தி. காரை விற்றுவிடலாம் என்று அருள் எழுதியிருந்தான். வெந்துபோன கம்பிகளையும் பேட்டரியையும் மெக்கானிக் மாற்றிக் கொடுத்துவிட்டார். பார்க்க அம்பத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பானெட்டைத் தூக்கினார். அன்றைக்குக் கொட்டிய மண், கரி, பழைய கிரீஸ் எல்லாம் அடையாய் அப்படியே கிடந்தது. எண்ணெய் எங்கே கசிகிறதென்றுகூடத் தெரியவில்லை, சுத்தம் செய்து வையுங்கள், அப்புறம் வருகிறேன் என்று மூடிவிட்டார். யாரை வைத்துச் செய்வதென்று நான் யோசிக்கவேயில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஏழுமலை தானாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். ஆவடியில் செங்கல் சூளைக்காரர் ஒருவர் லாரி வாங்கியிருக்கிறாராம். முன்பு வேலை செய்த வீட்டு அம்மா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இவனை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"கையி முழுசா மடங்கலம்மா. ஆனா ஸ்டீரிங் புடிக்கும்" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான்.

தோல் ரோஜா நிறத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் என்ஜினைச் சுத்தம் செய், பிறகு பார்க்கலாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

நம் பங்கில் மூன்று வீடுகளில் கார் இருக்கிறது. அவர்களுக்காகவும் அவன் செய்ததை விவரமாக எழுதுகிறேன். கொட்டகைக்குள் தொடமாட்டேன் என்று, பால்காரரைத் துணைக்கு வைத்துக் காரை முற்றத்து வெயிலுக்குத் தள்ளினான். இரண்டு வாளி மணலைப் பக்கத்தில் வைத்தான். மடியிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் நான் சொல்லாமலே கேட் தூண்மேல் கொண்டுபோய் வைத்தான். ஓடிய என்ஜினாக இருந்தால் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று ஆகும்வரை காத்திருக்க வேண்டுமாம். இது ஒரு வருஷமாக ஆறிக் கிடப்பது. பேட்டரியின் கம்பியைக் கழற்றி, பேட்டரியையே வெளியே எடுத்துத் தூரத்தில் வைத்தான். அழுக்கு உள்ளே போகாதபடி கார்புரேட்டரின் வாயையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் என் பழைய மேஜை விரிப்பு மெழுகுத்துணியைக் கிழித்துச் சுற்றி, சணல் போட்டுக் கட்டினான்.

மண்ணையும் கரியையும் முதலில் காய்ந்த பிரஷ்ஷாலேயே தட்டி எடுத்தான். அடியில் ஒரு தகரத் தட்டு வைத்தான். அப்புறம்தான் மண்ணெண்ணெய், அதுவும் ஒரு சின்னக் கிண்ணத்தில். ஊற்றவில்லை. பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, கிரீஸ் இளகியதும் துணியால் ஒற்றி எடுத்தான். அழுக்குத் துணிகளை ஒரே குவியலாகப் போடாமல் வெயிலில் தனித்தனியாக விரித்துவைத்தான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றும் எதற்கென்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அலசினால் சீக்கிரம் முடியாதா என்றும் கேட்டேன்.

"தண்ணி கம்பிக்குள்ள பூந்துக்கும்மா. அப்பால நாலு நாளு இருமிகினே இருக்கும். சோப்புத் துணியப் புழிஞ்சி தொடச்சா போதும்" என்றான். பிறகு தலையைத் தூக்காமலே, "ஐயா இருந்தா இன்னேரம் சொல்லிகினு இருப்பாரு, அம்மா கண்ணாடி போட்டுகினு, இஸ்கூல் டீச்சராட்டம் இஞ்சினுக்கு நகம் சுத்தமான்னு பாக்குதுன்னு" என்றான்.

நீங்கள் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. அவனும் நான் சிரிப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு பக்கம் முடிந்திருந்தது. பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அவனாகவே சொன்னான். "அன்னிக்கு லாந்தர வெளியவே வெச்சிட்டு நான் மட்டும் உள்ள போயிருக்கணும்மா. தெனம் நெனச்சுக்கிறேன்."

அப்போதும் எழுந்து உள்ளே போயிருக்கலாம். கால் மரத்திருந்தது, எழவில்லை.

"ஏழுமலை, அன்னைக்கு ஐயா துடைச்சது பெட்ரோல்ல. துடைக்கச் சொன்னது நான். உனக்கு அது தெரியாது."

அவன் என்ஜினையே பார்த்துக்கொண்டு, "அம்மாவுக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டான்.

"அன்னைக்கே தெரியும்."

எழுந்து கேட் வரைக்கும் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். தூண்மேலிருந்த பீடிக்கட்டை எடுத்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். போனால் நியாயம்தான் என்றும் நினைத்தேன். அவன் பீடியைப் பற்றவைக்காமல் கட்டைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டு வந்து, மறுபக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

"வேலைய பாதில வுட்டா ஐயாவுக்குப் புடிக்காது" என்றான். அதற்குப் பிறகு நான் எதற்கென்று எதையும் கேட்கவில்லை.

பானெட்டை மூடாமல் சாயங்காலம்வரை வெயிலில் விட்டான். மறுநாள் காலையில் திரும்ப வந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்து, கட்டியிருந்த மெழுகுத்துணியை அவிழ்த்து, ஈரமோ வாடையோ இல்லையென்று தெரிந்த பிறகே பேட்டரியைப் பூட்டினான். என்ஜின் ஓடியது. நீங்கள் போனபின் முதல்முறை. எனக்குள் ஏதாவது அசையும் என்று நின்றேன். சத்தம் மட்டும்தான் கேட்டது.

இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று, இரண்டு சர்டிபிகேட் எழுதி வைத்திருந்தேன். தீ எப்படிப் பிடித்ததென்று இரண்டிலும் எழுதியிருந்தேன். தமிழை வாசித்துக் காட்டினேன். அவன் இரண்டையும் வாங்கி, வெந்த விரல்களால் மடிக்க முடியாமல் மெதுவாக மடித்தான்.

"இது லாரிக்காரருக்கு ஆச்சு. எங்க ஊட்ல அவ படிக்கத் தெரியாதவம்மா" என்றான். "ஒரு வருசமா எங்க ஊட்டு வெளக்க அவ என் கையில குட்த்ததில்ல. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. குடுக்கறதில்ல, அவ்ளோதான். நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்லணும்."

டிரைவர் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. இந்த வயதில் அவன் மனைவி முன்னால் நின்று இதைச் சொல்வதா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவனுக்கு என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"வர முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் காத்துகினு இருக்க மாட்டேன்" என்றான். பத்து வருஷத்தில் என்னிடம் அவன் அப்படிப் பேசியதில்லை. வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை அருள் வருகிறான். இது அச்சாகி அவன் கைக்குப் போகும்வரை காத்திருக்க மாட்டேன். அவன் சாப்பிட உட்காரும் முன் நானே வாயால் சொல்லிவிடுவேன். அவனுக்கு என்மேல் வருகிற கோபம் வரட்டும். நீங்கள் இருந்தால் நடுவில் வந்து நிற்பீர்கள். நிற்க வேண்டாம்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே முத்தாபுதுப்பேட்டைக்குப் போகிறேன். அருள் ஓட்டினால் காரில், மாட்டேன் என்றால் மாட்டுவண்டியில். ஏழுமலையின் மனைவி பெயர் எனக்குத் தெரியாது. பத்து வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. முதலில் அதைக் கேட்டுக்கொள்வேன். பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்களைக் கொன்றது அவள் புருஷன் கொண்டுவந்த விளக்கல்ல, என் வாய் வார்த்தை என்று, அக்கம்பக்கத்தவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு வருவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

நாற்பத்திரண்டு வருஷமாக,
இன்றும்,
உங்கள் மனைவி
ஞானம்மாள்