இடது கையால் எழுதிய பெயர்

நவ. 11, திங்கள்
காலையிலிருந்து தூறல். செம்மண்டலத்தில் பஸ் வரவே இல்லை, முக்கால் மணி தாமதம். பால்வாடிக்குப் போவதற்குள் சமையல் ராணியக்கா பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார். 14 பேர். முட்டை 14.

வியாழன் சூப்பர்வைசர் வருகிறாராம். எல்லாப் பிள்ளையும் தன் பெயரை எழுதிய நோட்டு இருக்க வேண்டுமாம். நாலு வயசு. பென்சில் பிடிக்கவே வராது. எரிச்சல்.

ஆமினா மட்டும் சிலேட்டில் 'ஆ' போட்டாள். சுழி தப்பான பக்கம்.

"டீச்சர், இதான் நானா?"

"பாதி நீ."

"மீதி எங்க?"

நாளைக்கு என்று சொல்லி அழித்துவிட்டேன்.

நவ. 13, புதன்
ஆமினா நேற்றும் இன்றும் வரவில்லை. காய்ச்சல்.

சாயங்காலம் வீட்டில் நோட்டு வேலை. 14 பெயரும் நானே, இடது கையால். வருஷா வருஷம் இப்படித்தான். அப்போதுதான் பிள்ளை எழுதியது மாதிரி கோணலாக வரும். ஆமினாவுக்கு மூன்று வரி.

"எதுக்கு இந்தப் பித்தலாட்டம்?" என்றார் இவர். நீங்க வந்து சொல்லிக்குடுங்க என்றேன். டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவ. 14, வியாழன்
சூப்பர்வைசர் வந்து போனார். "இந்தப் பொண்ணு நல்லா எழுதுதே" என்று ஆமினா நோட்டைப் போட்டோ எடுத்தார். வெட்கம் வரவில்லை. நிம்மதிதான். மதியம் கேசரி.

நவ. 18, திங்கள்
ஆமினா நேற்று இறந்துவிட்டாள். டெங்கு. சிதம்பரத்துக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அவள் அப்பா குவைத்திலிருந்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

ராணியக்கா பழக்கத்தில் 14 முட்டை அவித்துவிட்டார். ஒன்று அப்படியே கிடந்தது.

நவ. 21, வியாழன்
வெயில். ஆமினாவின் அம்மா சபியா வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"எம்புள்ள பேரு எழுதுன நோட்டு இருக்குதுன்னு ராணியக்கா சொன்னாங்க டீச்சர். அவ அத்தா பாக்கணுங்கறாரு. அவ எழுதி அவரு பாத்ததே இல்ல."

கொடுத்தேன். விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மூணு வரி எழுதிருக்கா பாருங்க."

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் கோழை.

அவர் போன பிறகு சிலேட்டையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாகத் துடைத்திருந்தது. நான்தான் துடைத்தேன்.

நவ. 25, திங்கள்
மறுபடி மழை. துணி காயவில்லை. ரேஷனுக்குப் போக வேண்டும்.

பிள்ளைகள் போன பிறகு சபியா வந்தார், அதே நோட்டோடு.

"எனக்கு குர்ஆன் ஓத மட்டுந்தான் தெரியும் டீச்சர், தமிழ் எழுத வராது. அவ பேர எழுத சொல்லிக்குடுங்க."

பக்கத்தில் உட்கார வைத்து, தாளில் எழுதிக் காட்டினேன். நோட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்ல டீச்சர். இது உங்க எழுத்து. அவ எழுதுன மாரி வேணும்."

பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.